தையல் விட்ட இடம்

தையலோட பொறந்த மொதல் உசுரு ஒரு பூனைக்குட்டிங்க. எங்க பனியன் கம்பெனி குடோன்ல, வெட்டிப்போட்ட துணி மூட்டைக்கு நடுவுல, ஒரு வெள்ளைப் பூனை சித்திரை மாசத்துல ஈன்ற குட்டி அது. கழுத்துக் குழியில ஆரம்பிச்சு தொப்புள் வரைக்கும் நேர் கோடா ஒரு தையல். நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க எங்க காம்பவுண்டுக்கு வந்து எந்தக் குட்டிப் பூனையை வேணும்னாலும் புடிச்சு மல்லாத்தித் தடவிப் பாருங்க, அது கீறி வெச்சா நான் பொறுப்பில்ல.

வேற ஊரா இருந்தா கையில சூடத்தைத் தூக்கியிருப்பாங்க, இல்ல ஊரைக் காலி பண்ணியிருப்பாங்க. இது திருப்பூர். எங்காளுங்க அந்தக் குட்டியை டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சு, இது என்ன தையல்னு பார்த்தாங்க. ஓவர்லாக் இல்ல, கைத்தையலும் இல்ல, ஒத்த ஊசி மிஷின் தையல், நூலை மயிர் நிறத்துக்கே மேட்ச் பண்ணியிருக்கான், துணியை இழுக்காம அடிச்சிருக்கான், ஆனா முடிக்கிற எடத்துல அவசரம் தெரியுதுன்னு டெய்லருங்களும் கட்டிங் மாஸ்டரும் ஆளுக்கொண்ணு சொன்னாங்க. பூனை ஈனறது பெரிசா, ஷிப்மெண்ட் பெரிசான்னு சூப்பர்வைசர் வந்து கத்துன பொறவுதான் குட்டியைக் கீழ விட்டாங்க.

அப்பறம் நாய்க்குட்டிங்க அப்பிடிப் பொறந்துச்சு, ஆட்டுக்குட்டிங்க அப்பிடிப் பொறந்துச்சு, வைகாசி பாதியில பெரியாஸ்பத்திரியில பொறந்த குழந்தைங்களும் நெஞ்சுல தையலோட வந்துச்சுங்க. முன்ன பொறந்தவங்க யாருக்கும் இல்ல, அந்தச் சித்திரைக்குப் பொறவு பொறந்ததுங்களுக்கு மட்டும். கோயமுத்தூர்ல இருந்து டாக்டருங்க வந்தாங்க, அளந்தாங்க, படம் புடிச்சாங்க, போயிட்டாங்க. டிவிக்காரங்க ஒரு வாரம் தெருவுல நின்னாங்க, தேர்தல் வந்ததும் அவங்களும் போயிட்டாங்க. கறிக்கடைக்காரர் மட்டும், இப்பெல்லாம் ஆட்டைப் பொளக்கறது ரொம்பச் சுளுவுங்கன்னு சந்தோசமா சொன்னாரு. தாய்மாருங்க குழந்தையைக் குளிப்பாட்டும்போது அந்தத் தையல் மேல ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவப் பழகிட்டாங்க. மனுசன் எதுக்குத்தான் பழகல சொல்லுங்க.

பழகாதது ரெண்டே ரெண்டு பேருதான். ஒருத்தர் எங்க கம்பெனி கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன். இன்னொருத்தர் அருள்மேரி டீச்சர், மேல்நிலைப் பள்ளியில உயிரியல் நடத்தறவங்க. ரெண்டு பேருக்கும் எங்க காம்பவுண்டுலதான் எதிரெதிர் வீடு. நடுவுல ஒரு தண்ணிக் குழாய். ஞாயித்துக்கெழமை தண்ணி விடற நேரத்துல குடத்தோட நிக்கற நாங்க எல்லாரும் அவங்க சண்டையைக் கேட்டுத்தான் ஆகணும்.

"பேட்டர்ன் இல்லாம ஒரு அரைக்கை பனியன் வருமா டீச்சர்? துணியையும் நூலையும் கத்திரியையும் ஒரு ரூமுல போட்டுப் பூட்டி ஆயிரம் வருசம் கழிச்சுத் தொறந்தா, உள்ள பனியன் மடிச்சு வெச்சிருக்குமா?" இது மாஸ்டர்.

"உங்க பனியன் குட்டி போடுமா மாஸ்டர்? போட்டா, குட்டிக்குக் குட்டி கொஞ்சம் கொஞ்சம் மாறி, பொழைக்க முடிஞ்சது நின்னு, முடியாதது போயி, கோடிக்கணக்கான வருசத்துல அதுவும் ஒரு அழகான பனியனாத்தான் ஆகியிருக்கும். யாரும் வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம்." இது டீச்சர்.

"அப்ப இந்தத் தையல்?"

"உங்க மூக்குக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்கே, தடவிப் பாருங்க. வயித்துக்குள்ள இருக்கும்போது மூஞ்சி ரெண்டு பக்கமிருந்தும் வந்து சேந்த எடம் அது. உடம்பு பூராவும் அப்பிடிச் சேருற எடம் இருக்குது. அது இப்ப வெளிய தெரியுது, அவ்வளவுதான்."

"நூல் எங்கிருந்து வந்துச்சுங்கறேன்? முடிச்சு யாரு போட்டாங்கறேன்?"

"தெரியல. தெரியலன்னா தெரியலம்பேன். தெரியாத எடத்துலயெல்லாம் ஒரு டெய்லரைக் கூட்டியாந்து உக்கார வெக்க மாட்டேன்."

மாஸ்டருக்கு மீசை துடிக்கும். அந்த வருசம் கோயில், சர்ச், பள்ளிவாசல் மூணுலயும் ஒரே பேச்சு, தச்சவன் ஒருத்தன் இருக்கான், கையெழுத்து போட்டுட்டான்னு. அந்த மூணும் ஒத்துப்போயி நாங்க பார்த்தது அப்பத்தான். தச்ச பனியன்ல தப்பிருக்கான்னு பார்க்கற எங்க செக்கிங் டேபிள் பொம்பளைங்களுக்கு மட்டும் ரெண்டு கட்சியும் சரிப்படல. சோறு போற குழாயையும் மூச்சு போற குழாயையும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டவெச்ச மகராசன் யாருடி, பிரசவத்துக்கு இத்தனூண்டு வழி விட்டவன் எவன்டி, தச்சவன் இருந்தா செக்கிங் இல்லாமலே பெட்டி கட்டி அனுப்பிட்டான்டின்னு பேசிச் சிரிப்போம். சிரிச்சதுக்கெல்லாம் சேத்து வந்துச்சு பாருங்க.

எங்க டேபிள்ல எனக்கு அடுத்து நிக்கறவ கோகிலவாணி. என்னை லோகாக்கான்னு கூப்பிடுவா. அவ கண்ணுக்குத் தப்பி ஒரு ஓட்டை பனியன் பெட்டிக்குப் போனதில்ல. புருசன் திருமூர்த்தி, அயர்ன் மாஸ்டர், அதிர்ந்து பேசத் தெரியாத மனுசன். கல்யாணமாகி எட்டு வருசம் புள்ளையில்லாம, போகாத ஆஸ்பத்திரியில்ல, சுத்தாத கோயிலில்ல. அந்த ஆவணியில அவளுக்கு ஒரு பொம்பளப்புள்ள பொறந்துச்சு. செம்மலர்னு பேரு. மாமியா வீட்டுல வேற பேரு வெச்சிருந்தாங்க, இவ ஒத்துக்கல, எட்டு வருசமா வெச்சிருந்த பேரை நான் மாத்த மாட்டேன்னுட்டா.

புள்ளையைப் பார்க்கப் போன நான் துணியை வெலக்குனேன். கோகிலா என் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தா.

"பார்த்துட்டீங்களாக்கா?"

பார்த்துட்டேன். கழுத்துல இருந்து சீரா வந்த தையல் நெஞ்சுக்கு நேரா வந்ததும் விட்டுப் போயிருந்துச்சு. நாலு தையல் அளவுக்கு விழுகவேயில்ல, அதுக்குக் கீழ மறுபடியும் புடிச்சு தொப்புள் வரைக்கும் போச்சு. விட்ட எடத்துல சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வாய். புள்ள மூச்சு விடும்போது அது தொறந்து தொறந்து மூடுது, உள்ள என்னமோ செவப்பா துடிக்குது. அவ முன்னால எதையும் காட்டிக்காம துணியை இழுத்து மூடுனேன்.

ஆஸ்பத்திரியில சும்மா விடல, பாவம், அவங்களும் பார்த்தாங்க. பெரிய டாக்டரம்மா ரெண்டு தடவை தையல் போட்டுப் பார்த்தாங்க. போடும்போது நல்லாத்தான் நிக்கும், விடிஞ்சு பார்த்தா நூல் படுக்கையில கழண்டு கெடக்கும், புள்ளை உடம்புல ஊசி போன தடமே இருக்காது. எங்க நூல் இதுல நிக்க மாட்டேங்குதும்மான்னு டாக்டரம்மா கண்ணைத் தொடச்சுட்டு அனுப்பிட்டாங்க. அழ விடாம பார்த்துக்கங்க, அழுதா காத்து அது வழியா போயிருது, புள்ள நீலமாயிருதுன்னாங்க.

அழாத புள்ள எங்கீங்க இருக்குது? அதுக்காக எங்க காம்பவுண்டே வாயைக் கட்டுச்சு. குக்கர் வெக்கறதை நிறுத்திட்டு வடிச்ச சோறு தின்னோம். டிவியில சத்தமில்ல. ஆடி நோம்பிக்கு வெச்ச மிச்சப் பட்டாசைப் புள்ளைங்க தாங்களா கொண்டுபோய் சாக்கடையில போட்டுச்சுங்க. காம்பவுண்டு நாயைக் கூட புடிச்சு அடுத்த தெருவுல கட்டுனாங்க. குழாயடியில மாஸ்டரும் டீச்சரும் குசுகுசுன்னு சண்டை போட்டாங்க. ஆனா போட்டாங்க, விடல. புள்ள நாளுக்கு நாள் எளச்சுச்சு, பால் குடிக்கறதுக்குள்ள களைச்சுப் போய் தூங்கிரும். கோகிலா அதோட நெஞ்சுல உள்ளங்கையை வெச்சு மூடிக்கிட்டே உக்காந்திருப்பா, கையை எடுத்தா எதாச்சும் பறந்து போயிரும்ங்கற மாதிரி.

ஒரு ஞாயித்துக்கெழமை திருமூர்த்தி குழாயடிக்கு வந்தான். அவன் அத்தனை பேசி நாங்க கேட்டதில்ல.

"மாஸ்டருங், டீச்சருங், ரெண்டு பேரும் பெரியவங்க. இது யாரு தச்சாங்க, எப்பிடி வந்துச்சுன்னு அஞ்சு மாசமா பேசறீங்க. என்ற புள்ள போயிட்டே இருக்குதுங். எப்பிடி வந்துச்சுங்கறது எனக்கு வேண்டாம். எப்பிடி மூடறதுன்னு யாராச்சும் சொல்லுங்."

தண்ணி குடம் நெறஞ்சு வழியுது, அதை யாரும் எடுக்கல. மாஸ்டர் குழாயை அடைச்சுட்டுச் சொன்னாரு.

"ஆல்டர் தம்பி. வேறென்ன."

பனியன் கம்பெனி தெரியாதவங்களுக்குச் சொல்லிர்றேன். செக்கிங் டேபிள்ல ஒரு பீஸ்ல தப்புக் கண்டுபுடிச்சா, கண்டுபுடிச்சவ அதைச் சரி பண்ணக் கூடாது. அவ கையில ஊசியே இருக்கக் கூடாது. தப்பு இருக்கற எடத்துல செவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரை ஒட்டி, அதை எந்த டெய்லர் தச்சானோ அவனுக்கே திருப்பி அனுப்பணும். அதுக்குத்தான் ஆல்டர்னு பேரு. எங்க கம்பெனி மட்டுமில்ல, இந்த ஊர் பூராவும் அதுதான் சட்டம். அம்பைப் பார்த்தா டெய்லருக்குப் புரியும், அவன் செஞ்சதை அவனே சரி பண்ணுவான்.

"தச்சவனுக்குத் தெரியல, தெரியப்படுத்தணும். அவன் நூல்தான் இதுல நிக்கும். ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வெய்யி. பார்ப்பான்," அப்பிடின்னாரு மாஸ்டர்.

எல்லாரும் டீச்சரைப் பார்த்தோம். அவங்க இதை விடமாட்டாங்கன்னுதான் நெனச்சோம். அவங்க திருமூர்த்தி மூஞ்சியைப் பார்த்தாங்க. கரைஞ்சுட்டாங்க, வேறென்ன சொல்றது.

"ஒட்டிக்கங்க தம்பி. பார்க்கறதுக்கு அங்க யாருமில்ல, அதனால கெடுதலும் இல்ல. ஒரு காகிதம். உங்க மனசுக்கு ஆறுதலா இருந்தா ஒட்டிக்கங்க."

இப்பிடியாக அந்த ரெண்டு பேரும் அவங்க ஆயுசுல மொதல் தடவையா ஒரு விசயத்துல ஒத்துப்போனாங்க. ஒருத்தருக்கு அங்க ஆள் இருக்குன்னு, இன்னொருத்தருக்கு அங்க ஆள் இல்லன்னு. காம்பவுண்டு மொத்தத்துக்கும் ஒரு பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு.

கோகிலவாணி மட்டும் முடியாதுன்னா.

"ஏனுங் மாஸ்டர், அந்தாளு அவசரக்காரன்னு அன்னைக்கு பூனைக்குட்டியைப் பார்த்து நீங்கதானே சொன்னீங்க? அவசரத்துல தப்புப் பண்ணுனவன் கையிலயே மறுக்கா என்ற புள்ளையைக் குடுக்கச் சொல்றீங்களே? நம்ம லைன்லயே பாருங்க, ஷிப்மெண்ட் நேரத்துல ஆல்டர் பீஸை எவன் சீண்டறான்?"

"நீ செக்கிங்ல நிக்கறவ கண்ணு, நீயே இப்பிடிப் பேசலாமா? எத்தனை பீஸ் திருப்பி அனுப்பியிருப்ப, எத்தனை நல்லா வந்திருக்கும்?"

"அதெல்லாம் பனியனுங்க."

அவளை ஆளாளுக்குப் பேசிப் பேசிக் கரைச்சாங்க. மாமியா காலைப் புடிக்காத கொறை. ஒட்டாம விட்டு நாளைக்கு எதாச்சும் ஆனா காலத்துக்கும் உன்ற மனசு அடிச்சுக்கும்டின்னாங்க, அந்தப் பேச்சுலதான் அவ விழுந்தா. சாயங்காலம் கம்பெனியில இருந்து திருமூர்த்தி ஒரு ஸ்டிக்கர் அட்டை வாங்கியாந்தான். வேற யாரு கையும் படக்கூடாதுன்னு அவளே ஒண்ணை உரிச்சா. எத்தனாயிரம் ஒட்டின கை, கோணாம, சுருங்காம, அம்பு நுனி சரியா அந்த வாய்க்கு நேரா நிக்கற மாதிரி ஒட்டுனா. புள்ள முழிச்சுட்டுத்தான் இருந்துச்சு. காகிதம் குளுகுளுன்னு பட்டதும் சிரிச்சுது. அது சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

விடியக்காலம் கோகிலா கத்துன சத்தத்துல காம்பவுண்டு முழிச்சுது. அத்தனை நாளா மெதுவாப் பேசிப் பழகின எங்களுக்கு அந்தச் சத்தம் என்னன்னே மொதல்ல புரியல. நான்தான் மொதல்ல ஓடினேன். புள்ள தொட்டில்ல மல்லாந்து கெடந்துச்சு. கழுத்துக் குழியில இருந்து தொப்புள் வரைக்கும் தையல் பூராவும் பிரிச்சிருந்துச்சு. ரத்தம் ஒரு சொட்டு இல்ல. பிரிச்ச நூலை ஓரமா சுருட்டி வெச்சிருந்துச்சு, ஸ்டிக்கரை எடுத்துத் தொட்டில் கட்டையில ஒட்டியிருந்துச்சு, வேலை தெரிஞ்ச டெய்லர் எப்பிடிச் செய்வானோ அப்பிடியே. திரும்ப மூடித் தைக்கறதை மட்டும் செய்யல. புள்ள எப்பவோ போயிருச்சு.

அட கடவுளே, எங்க புத்தி எங்கீங்க போச்சு? எங்க ஊர்ல பத்து வயசுப் புள்ளைக்குத் தெரியும், நடுவுல விட்ட தையலை நடுவுலயே போட மாட்டாங்க. போட்டா ஒட்டுத் தெரியும், ஏத்துமதிக்கு ஆகாது. மேலயிருந்து கீழ வரைக்கும் மொத்தமா பிரிச்சுட்டுத்தான் திரும்ப அடிப்பாங்க. தெனமும் பார்க்கறோம், தெனமும் அனுப்பறோம். டெய்லருங்களும் செக்கிங்கும் நெறஞ்ச அந்தக் காம்பவுண்டுல ஒருத்தர், ஒரே ஒருத்தர், அதை நெனச்சுப் பார்க்கல. பனியனைப் பிரிச்சு வெச்சா அது காத்துக்கிட்டுக் கெடக்கும், புள்ளை கெடக்குமா?

அதோட முடிஞ்சுதான்னா இல்ல. யாரும் தொடாதீங்க, பிரிச்சு வெச்சவன் தைக்க வருவான், எடுத்துட்டீங்கன்னா அவனுக்கு எடம் தெரியாதுன்னு மாஸ்டர் வாசல்ல குறுக்க நின்னாரு. டீச்சர் அழுதுக்கிட்டே, ஓட்டை இருந்த எடத்துல இருந்து தோல் தானா விட்டுக்கிச்சு, ஒருத்தரும் வரல, ஒருத்தரும் வரமாட்டாங்க, அந்தப் புள்ளையை அடக்கம் பண்ணுங்கய்யான்னாங்க. நூல் சுருட்டியிருக்குதேன்னாரு மாஸ்டர். பாதிப் பேரு எடுக்கலாம்னாங்க, பாதிப் பேரு காத்திருக்கலாம்னாங்க. உச்சி வெயில் வந்துச்சு, எறங்குச்சு, ஐஸ் கட்டி வாங்கியாந்து தொட்டிலுக்கு அடியில வெச்சாங்க. ஷிப்ட் முடிஞ்சு வந்தவங்களும் வாசல்ல உக்காந்து மேல பார்த்துக்கிட்டிருந்தாங்க. பொழுது சாயற நேரத்துல கோகிலவாணி எந்திரிச்சு, புள்ளையை ஒரு புது வெள்ளைத் துணியில இறுக்கிச் சுத்தி, மாஸ்டரை ஒரு கையால ஒதுக்கிட்டு, "எடுங்க"ன்னா. எடுத்தோம்.

பொறவு நடந்ததுதான் கொடுமை. அதுக்கப்பறம் எங்க ஊர்ல பொறந்த ஒரு உசுருக்கும், பூனையோ மனுசனோ, தையல் விட்டுப் போகல. நெஞ்சுக்கு நேரா அந்த எடத்துல மட்டும் ரெட்டைத் தையல். மேல ஒரு வரி, அதுக்கு ஒட்டி இன்னொரு வரி, அடிச்சு வெச்ச மாதிரி உறுதி. ஊரே நிம்மதியாச்சு. குக்கர் மறுபடியும் விசிலடிச்சுது, நாயை அவுத்துட்டு வந்தாங்க.

தை மாசத்துல எங்க காம்பவுண்டு கடைசி வீட்டுல ஒரு பையன் பொறந்தான். எல்லாரும் பார்க்கப் போனோம். கோகிலாவும் வந்தா. வருவான்னு நான் நெனக்கல. மாஸ்டரும் டீச்சரும் அங்கதான் இருந்தாங்க, அவ வந்ததை ரெண்டு பேருமே கவனிக்கல, அவங்க பேச்சுல அவங்க இருந்தாங்க.

"பார்த்தீங்களா டீச்சர், நம்ம கம்ப்ளெய்ண்ட் போய்ச் சேந்திருக்குது. தப்பு எங்கன்னு தெரிஞ்சுக்கிட்டான், திருத்திக்கிட்டான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"இதைத்தானே மாஸ்டர் நான் ஆரம்பத்துல இருந்து சொல்றேன். அந்த எடத்துல பலமில்லாதது நிக்கல. பலமா இருக்கறது நிக்குது. யாரும் திருத்தல, இப்பிடித்தான் எல்லாமே தானா சரியாகுது."

ரெண்டு பேரு மூஞ்சியும் மலந்து இருந்துச்சு. கெட்டவங்க இல்லீங்க, ரெண்டு பேரும் அந்தப் புள்ளைக்காக அழுதவங்கதான். ஆனா அன்னைக்கு அவங்க சந்தோசத்தைப் பார்த்தப்ப நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கலாம்னு வாயைத் தொறந்தேன்.

அதுக்குள்ள கோகிலா முன்னால போனா. குழந்தையை வாங்கி மடியில போட்டு, துணியை வெலக்கி, கழுத்துல இருந்து தொப்புள் வரைக்கும் விரலை வெச்சு ஒரு எடம் விடாம தடவிப் பார்த்தா. ரெட்டைத் தையல் வந்த எடத்துல விரல் கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்பறம் துணியை மூடிட்டு, குழந்தையோட அம்மாவைப் பார்த்து, "நல்லாருக்குது கண்ணு, பயப்படாத"ன்னா. பொறவு அந்த ரெண்டு பேரையும் பார்த்தா. கோவமில்ல, அழுகையில்ல, ஒரு சந்தேகம் கேக்கற மாதிரிதான் கேட்டா.

"ஏனுங் மாஸ்டர், ஏனுங் டீச்சர், உங்க ரெண்டு பேரு பேச்சும் என்ற புள்ள செத்தாத்தான் சரியா வருதுங்களா?"

கோகிலா கொஞ்ச நேரம் நெசமாவே பதிலுக்குக் காத்திருந்தா. வரலைன்னதும் குழந்தையை அதோட அம்மா கையில குடுத்துட்டு, ஷிப்மெண்ட் நேரம், நாழியாச்சுக்கான்னு என்கிட்டச் சொல்லிட்டு வேலைக்குக் கெளம்பிட்டா.